முதுகில் இருக்கும் '1' என்ற எண்ணை எடுத்துவிடுங்கள்: நார்னியா பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நார்னியாக் கதைகளைப் பதிப்பித்துவரும் அனைவருக்கும்,

வணக்கம்.

எனக்கு 11 வயதானபோது அத்தை ஒரு புத்தகம் கொடுத்தார். அட்டை கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தது. சி. எஸ். லூயிஸ் எழுதிய 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்', அதாவது சிங்கமும் சூனியக்காரியும் பீரோவும். நார்னியா என்ற மாய உலகத்தின் கதை. அதற்கு முன்னும் பின்னும் வேறு புத்தகங்கள் உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. மற்ற ஆறையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க ஏழெட்டு வருடம் ஆயிற்று. கடைசியாகக் கைக்கு வந்தது 'தி மேஜிஷியன்ஸ் நெஃப்யூ', அதாவது மந்திரவாதியின் மருமகன். நார்னியா எப்படி உண்டானது என்று சொல்லும் முன்கதை. 19 வயதில் அதைப் படித்து முடித்த ராத்திரி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ராத்திரி இனிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தப் புத்தகத்தின் முதுகில் '1' என்று அச்சிடுவதை நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 8 வயதானபோது என்னுடைய அந்தப் பழைய புத்தகத்தையே எடுத்து, ராத்திரி தூங்கும்முன் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். மழை நாளில் மற்றவர்களோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கும் சிறுமி லூசி, ஒரு அறையில் மட்டும் பின்தங்கி ஒரு மர பீரோவைத் திறக்கிறாள். இரண்டு பாச்சா உருண்டைகள் கீழே விழுகின்றன. உள்ளே வரிசையாக ரோமக் கோட்டுகள் தொங்குகின்றன. பீரோவின் பின்பலகை எங்கேயாவது தட்டுப்படும் என்று கையை முன்னால் நீட்டிக்கொண்டே நடக்கிறாள். தட்டுப்படவில்லை. காலடியில் ஏதோ நொறுங்குகிறது. இதுவும் பாச்சா உருண்டைதானோ என்று குனிந்து தொட்டால், சில்லென்று பனி. முகத்தில் மெத்தென்று பட்டுக்கொண்டிருந்த ரோமம் இப்போது குத்துகிறது. பார்த்தால் மரக்கிளை. தூரத்தில் ஒரு வெளிச்சம். கிட்டே போனால், காட்டுக்கு நடுவில் ஒரு தெருவிளக்குக் கம்பம்.

மகள் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "காட்டுக்குள்ள எதுக்கும்மா தெருவிளக்கு? யாரு கொண்டாந்து வெச்சா?"

எனக்குப் பதில் தெரியும். தெரியவில்லை என்று சொல்லி விளக்கை அணைத்தேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது மறுபடியும் கேட்டாள். அந்த வாரம் முழுக்க அவளுடைய ஓவிய நோட்டில் விளக்குக் கம்பமாகவே வரைந்தாள்.

மூன்று வருடம் கழித்து இளையவன் முறை வந்தது. அதற்குள் பழைய புத்தகம் தாள் தாளாகப் பிரிந்துபோனதால், ஏழும் சேர்ந்த பெட்டியாகப் புதிதாக வாங்கினேன். முதுகில் 1 முதல் 7 வரை எண் போட்டிருந்தது. அவன் எதையும் வரிசைப்படி செய்கிறவன், ஒன்றிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று நின்றான். கதை கேட்கிறானே என்ற சந்தோஷத்தில் நானும் விட்டுவிட்டேன். முன்கதை முடிந்தது. இரண்டாவதாகச் சிங்கத்தின் கதை. அதே பீரோ, அதே பனி, அதே கம்பம் வந்தது. "அந்தச் சூனியக்காரி லண்டன்ல பிடுங்குனாளே, அந்தக் கம்பிதானே? அதான் அப்பவே முளைச்சிருச்சே. மேல படிம்மா" என்றான்.

அவன் சொன்னது ரொம்பச் சரி. லண்டன் தெருவில் ஜாடிஸ் என்ற அந்தச் சூனியக்காரி ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து இரும்புக் கம்பியை ஒடித்து எடுக்கிறாள். நார்னியா உருவாகிக்கொண்டிருக்கும் முதல் நாளில் அதை, அந்த உலகத்தை உண்டாக்கும் சிங்கமான அஸ்லான் மேல் வீசுகிறாள். மண்ணில் எது விழுந்தாலும் முளைக்கும் நேரம் அது. கம்பியும் முளைத்து விளக்காக வளர்ந்துவிடுகிறது. எவ்வளவு அழகான பதில்! ஆனால் என் மகன் அந்தப் பதிலைக் கேட்டபோது அவனிடம் கேள்வியே இல்லை. கேள்வி எழ வேண்டிய இடத்துக்கு அவன் பதிலோடு வந்து சேர்ந்தான்.

மகள் கேட்ட அதே கேள்விதான் இந்தப் புத்தகம் பிறக்கவே காரணம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. லூயிஸின் நண்பர் ரோஜர் லான்செலின் கிரீன், காட்டின் நடுவே விளக்குக் கம்பம் எப்படி வந்தது என்று அவரிடம் கேட்டார். லூயிஸும் பதில் எழுத உட்கார்ந்தார். சட்டென்று வரவில்லை. ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தார். அதில் வரும் டிகோரி, முன்கதையின் நாயகன், மரங்களும் மிருகங்களும் பேசுவதைப் புரிந்துகொள்ளக்கூடிய பையன். அது ஓடவில்லை என்று ஓரமாக வைத்துவிட்டு மற்ற கதைகளுக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார். ஏழில் அவர் கடைசியாக எழுதி முடித்தது இந்த முன்கதையைத்தான். சிங்கத்தின் கதை 1950-இல் வந்தது, முன்கதை ஆறாவதாக 1955-இல் வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஐந்து வருடம் அந்த விளக்கை மனதில் எரியவிட்டபடி காத்திருந்திருக்கிறார்கள்.

அப்போது அவர்கள் கையில் இருந்த வரிசையை மாற்றியது பின்னால் வந்த பதிப்புகள். அமெரிக்காவில் நெடுங்காலம் சிங்கத்தின் கதைக்குத்தான் 1 என்ற எண் இருந்தது. 1994-இல் வந்த புதிய பதிப்பிலிருந்து அங்கேயும் முன்கதை முதலிடத்துக்கு வந்தது. இப்போது கடையில் ஆங்கிலப் பெட்டியை எடுத்தால் பெரும்பாலும் அதே வரிசைதான்.

சிங்கத்தின் கதையில் ஏழாவது அத்தியாயத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற பிராணி ஒன்று நான்கு பிள்ளைகளிடமும் அஸ்லான் வந்துகொண்டிருப்பதாகக் கிசுகிசுக்கிறது. பெயரை மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் பீட்டருக்குத் தைரியம் வருகிறது. சூசனுக்கு நல்ல வாசனையோ இசையோ தன்னைக் கடந்துபோன மாதிரி இருக்கிறது. லூசிக்குக் காலையில் கண்விழித்ததும் இன்றைக்கு லீவு ஆரம்பம் என்று நினைவுக்கு வருமே, அந்தச் சந்தோஷம். எட்மண்டுக்கு மட்டும் காரணம் புரியாத திகில். லூயிஸ் அங்கே நம் பக்கம் திரும்பி, அஸ்லான் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியாதோ அப்படியே அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது என்கிறார். நானும் அந்த நாலு பேரோடு ஐந்தாவதாக நின்று அந்தப் பெயரைக் கேட்டேன். யார் அது, மனிதரா, ராஜாவா? அவர் ஒரு சிங்கம் என்று தெரிய இன்னும் ஒரு அத்தியாயம் போக வேண்டும்.

முன்கதையை முதலில் படித்த பிள்ளையிடம் அந்த வரி பொய்யாகிவிடுகிறது. அஸ்லான் பாடிப் பாடி நட்சத்திரங்களையும் புல்லையும் யானையையும் உண்டாக்கியதை அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. எழுத்தாளர் "உனக்குத் தெரியாது" என்கிறார், பிள்ளைக்குத் தெரிகிறது. என் மகன் அந்த இடத்தில், "எனக்குத் தெரியுமே, ஏன் இப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டான். பீட்டர் ஷேக்கல் போன்ற ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான். ஆராய்ச்சி எதுவும் தெரியாத 8 வயதுப் பையனுக்கும் அது இடித்தது.

இதோடு நிற்கவில்லை. அதே பீவர், மனிதர் யாரும் இதற்குமுன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்கிறது. ஆனால் முன்கதையில் லண்டன் வண்டிக்காரர் ஃபிராங்கும் அவர் மனைவி ஹெலனும்தான் நார்னியாவின் முதல் ராஜாவும் ராணியும். சூனியக்காரி ஒரு பக்கம் ஆதாமின் முதல் மனைவி லிலித்தின் வம்சம், இன்னொரு பக்கம் அரக்கர் ரத்தம் என்கிறது பீவர். முன்கதையிலோ அவள் சார்ன் என்ற செத்துப்போன உலகத்தின் கடைசி ராணி, ஒரே சொல்லால் அங்கே உயிரோடு இருந்த அத்தனையையும் அழித்தவள். சிங்கத்தின் கதையை எழுதும்போது லூயிஸுக்கே சார்ன் தெரியாது, அவ்வளவுதான். 1950-இல் படித்துவிட்டு 1955-க்கு வந்தால் இது உறுத்தாது. பீவர் ஏதோ பரம்பரையாகக் கேட்ட கதையைச் சொல்லியிருக்கிறது, உண்மை இப்போதுதான் தெரிகிறது என்று மனசு தானாகச் சரிசெய்துகொள்ளும். தலைகீழாகப் படித்தால் பீவர் உளறுகிற மாதிரி இருக்கிறது. பாவம், அது அந்தக் கதையிலேயே நம்பகமான ஜீவன்.

உங்கள் தரப்புக்கும் வருகிறேன். லூயிஸே இந்த வரிசையைத்தான் விரும்பினார் என்று பதிப்புகளின் உள்ளே குறிப்பு போடுகிறீர்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது 1957-இல் அவர் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதம். அந்தப் பையன் கதை நடந்த கால வரிசையில் படிக்க வேண்டும் என்கிறான், அவன் அம்மா வெளிவந்த வரிசை என்கிறார். லூயிஸ், அம்மாவைவிட உன் பக்கம்தான் எனக்குச் சாய்வு என்று எழுதுகிறார். உண்மைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் கடிதம் அதோடு முடியவில்லையே. இந்தத் தொடரைத் திட்டம் போட்டு எழுதவில்லை, முதல் கதையை எழுதியபோது இன்னொன்று வரும் என்றே தெரியாது என்கிறார். அப்புறம், யார் எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லையோ என்னவோ என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஒரு சின்னப் பையனின் கட்சியில் சேர்ந்துகொண்ட பெரிய மனிதரின் அன்பை அதில் பார்க்கிறேன். அந்தக் கடிதத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்து உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டமாக்கியது சரியில்லை என்று நினைக்கிறேன். அவர் கதைக்குள் எழுதிய வரியும் அவருடைய சொல்தானே? "உங்களுக்குத் தெரியாது" என்று எழுதிய கையும் அதே கைதான்.

முன்கதை எனக்குப் பிடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஏழிலும் என் மனசுக்கு நெருக்கமானது அதுதான். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

டிகோரியை நாம் முதலில் பார்க்கும்போது அவன் அழுது முடித்த முகத்தோடு இருக்கிறான். அப்பா இந்தியாவில் இருக்கிறார். அம்மா படுத்த படுக்கை, பிழைக்கமாட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். அவன் இருப்பது அம்மாவின் அண்ணன் ஆண்ட்ரூ, அக்கா லெட்டி ஆகியோரின் வீட்டில். ஆங்கிலத்தில் அவர் வெறும் அங்கிள். தமிழில் சொல்லும்போது ஆண்ட்ரூ மாமா என்றுதான் வாயில் வந்தது, தாய்மாமன். நோயாளித் தங்கையின் பிள்ளையைத் தாங்க வேண்டிய தாய்மாமன், பக்கத்து வீட்டுப் பாலியை மோதிரத்தால் வேறு உலகத்துக்கு அனுப்பிவிட்டு, அவளை மீட்க அவனையும் போக வைக்கிறான். அந்த இடத்தில் என் மகள், "தாய்மாமாவா இப்படிப் பண்ணுவாரு?" என்று நம்பவே மறுத்தாள். அவளுக்கு அவள் மாமா என்றால் உயிர்.

அப்புறம் அந்த ஆப்பிள். மலைமேல் தோட்டத்திலிருந்து அஸ்லானுக்காக ஒரு பழம் பறித்து வர டிகோரி அனுப்பப்படுகிறான். பறித்தும்விடுகிறான். பழம் சட்டைப் பையில். அப்போது சூனியக்காரி வந்து, இதை நேராக வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அம்மாவுக்குக் கொடு, பிழைத்துக்கொள்வாள், யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள் என்கிறாள். அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். திருப்பிக் கொண்டுவந்து அஸ்லானிடமே கொடுக்கிறான். பிறகு அஸ்லானே அவனுக்கு ஒரு பழம் தருகிறது. அவன் வீட்டுக்கு வந்து, தோல் சீவி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாக அம்மாவுக்கு ஊட்டுகிறான்.

லூயிஸின் அம்மா ஃபுளோரா புற்றுநோயால் இறந்தது 1908 ஆகஸ்டில், பெல்ஃபாஸ்டில். லூயிஸுக்கு வயது 9. அம்மா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளை அவர். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, கதையில் ஒரு பையன் கையில் அந்தப் பழத்தைக் கொடுத்து ஒரு அம்மாவைப் பிழைக்க வைக்கிறார். 19 வயதில் இதைப் படித்தபோது எனக்கு இந்த விவரம் தெரியாது. தெரிந்தபிறகு அந்தத் துண்டு துண்டாக வெட்டும் வரியைக் குரல் உடையாமல் படிக்க முடிந்ததில்லை.

நான் ஆரம்பத்தில் சொன்ன ராத்திரி இதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பழத்தின் நடுப்பகுதியை டிகோரி லண்டன் வீட்டுத் தோட்டத்தில் புதைக்கிறான். மரம் வளர்கிறது. சில நாள் காற்றே இல்லாமல் கிளைகள் ஆடும், ஏனென்றால் அங்கே நார்னியாவில் காற்று அடிக்கிறது. பல வருடம் கழித்துப் புயலில் மரம் சாய்கிறது. டிகோரி இப்போது பெரிய புரொஃபசர், நாட்டுப்புறத்தில் பெரிய வீடு. சாய்ந்த மரத்தை விறகாக்க மனம் வராமல் அதில் ஒரு பீரோ செய்து வைக்கிறார்.

படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுந்து போய் அந்த டேப் ஒட்டிய புத்தகத்தை எடுத்துவந்து, புரொஃபசர் வரும் பக்கத்தைத் திறந்தேன். பீட்டரும் சூசனும் தங்கை பீரோவுக்குள் ஒரு நாட்டைப் பார்த்ததாகச் சொல்கிறாள் என்று அவரிடம் முறையிடுகிறார்கள். அவர் சிரிக்கவில்லை. லூசி பொய் சொல்கிறவளா, அவளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா, இரண்டும் இல்லை என்றால் அவள் சொல்வது உண்மை என்று அமைதியாகச் சொல்கிறார். 11 வயதில் படித்தபோது, இவர் என்ன வித்தியாசமான தாத்தாவாக இருக்கிறாரே என்று நினைத்திருந்தேன். அவர் அங்கே போயிருக்கிறார்! எட்டு வருடமாக அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர், அம்மாவுக்குப் பழம் ஊட்டிய பையன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் மகள் அந்தப் பக்கத்தில், "அந்த பீரோவா!" என்று கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து அவள் அப்பா ஓடிவந்தார். என் மகன் அதே பக்கத்தில், "சரி, அடுத்த புக்கு" என்றான். அவனுக்கு அது ஒரு மரம், ஒரு பீரோ, அவ்வளவுதான். லூசி இன்னும் அந்தக் கதவைத் திறக்கவே இல்லையே.

எங்கள் பக்கத்தில் ராமாயணம் கேட்டு வளர்கிறோம். தசரதன் காட்டில் தெரியாமல் ஒரு பிள்ளையை அம்பெய்து கொன்றதும், அந்தப் பெற்றோர் இட்ட சாபமும் ராமன் பிறப்பதற்கு ரொம்ப முந்தி நடந்தவை. ஆனால் ராமன் காட்டுக்குப் போன பிறகு, சாகக் கிடக்கும் தசரதனே அதைச் சொல்லி அழும்போதுதான் அந்தக் கதை வருகிறது. ராவணனின் பிறப்பும் வளர்ப்பும் உத்தர காண்டத்தில், எல்லாம் முடிந்த பிறகு வருகின்றன. கால வரிசைப்படி அதுதான் முதல் என்று அதைப் பால காண்டத்துக்கு முன்னால் யாரும் அச்சடித்ததாக நான் பார்த்ததில்லை. எங்கள் பாட்டிக்கும் தெரியும், எப்போது சொன்னால் பிள்ளை அழும் என்று.

வேறு வரிசையில் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டாம் தடவை படிக்கிறவர்கள் முன்கதையிலிருந்து ஆரம்பித்தால் அது தனி சுகம், நானே செய்திருக்கிறேன். ஆனால் பெட்டியை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் தடவையாக ஒரு பிள்ளைக்கு வாங்குகிறார்கள். அவர்களுக்கு லூயிஸ் யார், எது எப்போது வந்தது என்று தெரியாது. முதுகில் உள்ள எண்ணைத்தான் நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்காகவாவது யோசியுங்கள்.

எண்ணே போடாமல் விடலாம். போட்டால்தான் விற்கும் என்றால் 1950-இல் வந்ததற்கு 1 போடுங்கள். அதுவும் முடியாது என்றால், உள்ளே இருக்கும் அந்தக் குறிப்பையாவது மாற்றி, வெளிவந்த வருடங்களையும் அந்தக் கடிதத்தில் அவர் சொன்னதை முழுசாகவும் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். பெற்றவர்கள் படித்துப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். மற்ற மொழிகளில் மொழிபெயர்க்க உரிமை கொடுக்கும்போதும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் என் தங்கை மகளுக்கு 8 வயது ஆகிறது. அவளுக்கும் அதே பெட்டிதான் வாங்கி வைத்திருக்கிறேன். பள்ளி நோட்டுக்கு ஒட்டும் லேபிளை வெட்டி, ஏழு முதுகிலும் எண்ணை மறைத்து ஒட்டிவிட்டேன். முன்கதையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மற்றதை எல்லாம் படித்துவிட்டு அவளே வந்து கேட்கட்டும், அந்த விளக்கு எப்படி அங்கே வந்தது என்று.

அன்புடன்,
நார்னியா வாசகி ஒருத்தி